மேலே யாரும் புடவை பிடிக்கவில்லை

1

லிஃப்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்.

நாங்கள் இருப்பது பாரிசுக்கு வடக்கே. ரயிலில் போக வேண்டும். மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஓடுகிற நாளில் ஏதாவது தாள் இருக்கும். தண்ணீர் நிற்கும், கரப்பானுக்கு மருந்து அடிப்பார்கள், இப்படி. நான் பெரும்பாலும் படிப்பதில்லை. புதுச்சேரியில் உறுவையாறு பக்கம் எட்டாவது வரை போனவன். பிரெஞ்சு எனக்குக் காதால் வந்தது, கண்ணால் வரவில்லை.

இந்தத் தாளில் போலீஸ் என்று இருந்தது. ட்ரோன் என்று இருந்தது. அதற்கு முன்னால் 'வோல்' என்று ஒரு சொல். வோல் என்றால் திருட்டு. அது எனக்குத் தெரியும். சந்தையில், ரயிலில் எல்லாம் எழுதியிருக்கும், பையைப் பார்த்துக்கொள் என்று.

வீட்டுக்குள் வந்து மகனிடம் சொன்னேன். "போலீசு ட்ரோன எவனோ திருடிட்டான் போல. லிஃப்ட்ல ஒட்டிருக்கான்."

பிரவீன் சிரித்தான். இங்கே பிறந்தவன். கரண்டு வேலை படிக்கிறான். தமிழ் புரியும். பேசினால் பாதிதான் தமிழாக வரும்.

"பப்பா, வோல்னா பறக்கறது. போலீசு ட்ரோன் நம்ம பில்டிங் மேல பறக்கப் போவுது. அதான் எழுதிருக்கு."

"திருட்டுன்னு சொல்வாங்களேடா."

"அதுவும் வோல்தான். ரெண்டுக்கும் ஒரே சொல்லு."

பறப்பதற்கும் திருடுவதற்கும் ஒரே சொல். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு அது தெரியாது. நான் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். என் தங்கை புருஷன் சேகர் செத்து அந்த வாரத்தோடு ஒரு வருடம். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு இதில் பாதி தெரியும். தெரியாத பாதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

2

சேகர் நல்லவன் என்று எழுத மாட்டேன்.

இளம் வயதில் அவன் கத்தி எடுத்தவன். ஒரு கொலை வழக்கில் அவன் பெயர் இருந்தது. செத்தவன் பாலா என்பவனுடைய அண்ணன். சாட்சி சொல்ல யாரும் வரவில்லை, சேகர் வெளியே வந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் என் தங்கை மலரைக் கட்டினான். கல்யாணத்துக்குப் பிறகு ஒதுங்கிவிட்டான். கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டினான். மலரை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. இந்த இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க எனக்குத் தெரியாது.

மதகடிப்பட்டு கூட்ரோட்டில் காலையில் டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். பாலா ஆட்கள், இரண்டு பைக். முதலில் நாட்டு வெடிகுண்டு. நம் பக்கத்தில் அதுதான் வழக்கம். குண்டு ஆளைக் கொல்வதற்கு இல்லை, சுற்றி நிற்கிறவர்களை ஓட வைப்பதற்கு. எல்லாரும் ஓடினார்கள். சேகர் புகையில் கண் தெரியாமல் கடைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் கத்தி. முகத்தில் மட்டும் வெட்டினார்கள். ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்று இல்லை. அது ஒரு கணக்கு, அவ்வளவுதான். பாலாவின் அண்ணனுக்கும் முகத்தில்தான் வெட்டு.

எனக்கு இங்கே போன் வந்தபோது பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. நானூறு பிள்ளைகள் சாப்பிட்ட தட்டு. போனைக் காதில் வைத்தேன். மலரின் கொழுந்தன் குமரன் பேசினான்.

"மச்சான், அண்ணன போட்டுட்டானுங்க."

தண்ணீரை நிறுத்தினேன். சோப்பு நுரை முழங்கை வரைக்கும் இருந்தது. அப்படியே நின்றேன். மேற்பார்வைக்காரி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். "மச்சான் செத்துட்டான்" என்பதைப் பிரெஞ்சில் சொல்லத் தெரியும். "வெட்டிவிட்டார்கள்" என்பதற்குச் சொல் வரவில்லை. ரொட்டி வெட்டுகிற சொல்லைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

3

உடனே போக முடியவில்லை. நான் இப்போது பிரெஞ்சுக்காரன். என் மனைவி வீட்டார் அந்தக் காலத்துச் சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள். அவளைக் கட்டி இங்கே வந்தேன். நான் பிறந்த ஊருக்குப் போக இந்தியா எனக்கு அனுமதி தர வேண்டும். அதற்கு ஒரு அட்டை உண்டு, அதைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். தூதரகத்தில் ஒரு அம்மா சொன்னாள், சாவு என்றால் சாவுச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்று. பிணம் அப்போதுதான் ஆஸ்பத்திரியில் அறுப்புக்குப் போயிருந்தது.

அதனால் பிண எடுப்பைப் போனில் பார்த்தேன். இப்போது ஊரில் அது சாதாரணம். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுச் சாவு என்றால் ஸ்டுடியோக்காரனைக் கூப்பிட்டு லைவ் போடுகிறார்கள். நான்தான் குமரனிடம் சொன்னேன். அவன் ஸ்டுடியோ ரகுவைப் பிடித்தான். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, சாவு எல்லாம் அவன்தான். ட்ரோனும் வைத்திருந்தான். சேகர் பாடை தெருவில் போவதை மேலே இருந்து பார்த்தேன். மேளக்காரர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். பூ கொட்டிக்கொண்டே போனார்கள், தெரு மஞ்சளாக இருந்தது. மலர் பாடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்தார்கள். மேலே இருந்து பார்த்ததில் அவள் தலை வகிடு மட்டும் தெரிந்தது.

அப்போது அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

4

கருமாதிக்குள் அட்டை கிடைத்துவிட்டது. போனேன்.

தாலி அறுத்ததும் பிறந்த வீட்டார் கோடி போட வேண்டும். அண்ணன் நான் ஒருத்தன்தான். நேரு வீதியில் சந்தனக் கலரில் ஒரு நூல் புடவை வாங்கினேன்.

தெருமுனையில் போலீஸ் வண்டி நின்றது. அதற்குக் காரணம் இருந்தது. இந்த மாதிரிச் சாவுகளில் கருமாதி அன்றுதான் செத்தவன் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்வார்கள், பழி வாங்குகிறேன் என்று. அதனால் யார் யார் வருகிறார்கள் என்று போலீஸ் பார்க்கும். அதில் தப்பில்லை. குமரனோடு நான்கு பையன்கள் திரிந்தார்கள். அவர்கள் கண்ணைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது.

விடிந்தும் விடியாமலும் ஆற்றங்கரைக்குப் போனோம். சங்கராபரணியில் அப்போது முழங்கால் தண்ணீர். ஆண்கள் கரை மேல் நின்றோம். பெண்கள் கீழே இறங்கினார்கள். அதிலும் தாலி அறுத்தவர்கள் மட்டும்தான் கிட்டே போகலாம். கட்டுக்கழுத்தி எட்டிப் பார்க்க மாட்டாள். ஆண் திரும்பிப் பார்க்கவே கூடாது. மலருக்குப் பூ வைத்து, பெரிய பொட்டு வைத்து, கை நிறைய கண்ணாடி வளையல் போட்டுக் கூட்டிப் போனார்கள். அவளை நடுவில் உட்கார வைத்து நான்கு பக்கமும் பழைய புடவையை விரித்துப் பிடித்தார்கள். உள்ளே வளையல் உடைகிற சத்தம் கேட்டது. அதற்கு அப்புறம் தாலியைக் கழற்றிப் பாலில் போடுவார்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். கட்டியிருக்கிற கூறைப் புடவையைக் களைவார்கள். அப்போது நான் முதுகு காட்டியபடி இறங்கிப் போய், திரும்பாமல் பின்கையாகக் கோடியை நீட்ட வேண்டும்.

அந்த முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவும்.

நான் கோடியை நெஞ்சில் வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் அடி வைத்து இறங்கினேன். அப்போது மேலே சத்தம். கருவண்டு பறக்கிற மாதிரி. நிமிர்ந்தேன். தென்னை உயரத்தில் ட்ரோன். அசையாமல் நின்றது.

நான்கு பக்கமும் புடவை பிடித்திருந்தார்கள். மேலே யாரும் பிடிக்கவில்லை. எந்தக் காலத்தில் யார் மேலே இருந்து பார்த்தார்கள், பிடிப்பதற்கு?

பெண்கள் ஓடவில்லை. மறைக்கவும் இல்லை. அதுதான் கொடுமை. புடவை பிடித்திருந்த ஒரு அத்தை மேலே பார்த்துவிட்டுச் சொன்னது என் காதில் விழுந்தது.

"நம்ம ஏழுமலதான் ஏற்பாடு பண்ணிருப்பான். அவன் பொண்டாட்டி அங்க பாக்க வேணாமா?"

ஏழுமலை நான்தான். எடுப்பை லைவ் போடச் சொன்னது நான். அதே ரகுவின் ட்ரோன். எல்லாருக்கும் அது பழகின சத்தம். அதனால் நான் அனுப்பியது என்றே நினைத்தார்கள்.

"நான் சொல்லல! மறைங்க! மறைங்க!" என்று கத்தினேன்.

கரையிலிருந்து குமரன் இறங்கி ஓடி வந்தான். என் சட்டையைப் பிடித்தான்.

"இன்னா மச்சான் இது? தாலி அறுக்கறதக் கூட லைவ் போடணுமா உனுக்கு? அங்க குந்திகினு பாப்பாங்களா உங்க ஆளுங்க?"

"நான் சொல்லலடா குமரா."

ஒரு அறை விட்டான். காது கொய்ங் என்றது. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கும்போது ரகு கண்ணில் பட்டான். கரை மேல், போலீஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கையில் கருவியை வைத்துக்கொண்டு திருகிக்கொண்டிருந்தான். ஸ்டேஷனில் ட்ரோன் கிடையாது. வேண்டும் என்கிறபோது கல்யாண ஸ்டுடியோக்காரனை அழைத்துக்கொள்வார்கள். அது எங்களுக்குத் தெரியாது.

குமரன் என்னை விட்டுவிட்டுக் குனிந்து ஆற்றுக் கல்லை எடுத்தான். ட்ரோனைப் பார்த்து வீசினான். படவில்லை. கல் மேலே போய் வளைந்து போலீஸ் வண்டிக் கண்ணாடியில் விழுந்தது.

5

அதற்கு அப்புறம் நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

விசில். கரை மேல் இருந்து லத்தியோடு இறங்கினார்கள். குமரன் கூட்டத்துப் பையன் ஒருத்தனுக்கு மண்டை பிளந்தது. மேளக்காரர் ஒருத்தர் மேளத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார், மேளம் கிழிந்தது. என் முழங்கையில் ஒரு அடி. எலும்பில் பட்டது. கோடி கை நழுவிச் சேற்றில் விழுந்தது. அதன் மேல் பூட்ஸ் கால்கள் ஓடின. எடுக்கக் குனிந்தேன். முதுகில் இன்னொரு அடி. எடுத்துவிட்டேன்.

புடவை பிடித்திருந்த பெண்கள் சிதறிவிட்டார்கள். நடுவில் மலர் மட்டும் உட்கார்ந்திருந்தாள். தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் தோளை மூடிக்கொண்டிருந்தாள். கையில் வளையல் கீறி ரத்தம். லத்தி வீசிக்கொண்டு வந்த ஒரு போலீஸ்கார பையன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்று திரும்பிக்கொண்டான். அவனுக்கு அந்தப் புத்தி இருந்தது. மேலே நின்றதற்கு இல்லை.

நான் போய்ச் சேற்றுக் கோடியை அவள் மேல் போர்த்தினேன். பின்கையாக இல்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே போர்த்தினேன்.

அவள் சொன்னது ஒன்றுதான். "நீ அனுப்புனதுன்னு நெனச்சேன்ணா. அதான் நிமிந்து பாத்தேன்."

6

நான் பாரிசு திரும்பி ஒரு வாரம் இருக்கும். புதுச்சேரிக்காரர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்று இங்கே இருக்கிறது. பொங்கல் சீட்டு, ஊர்ச் செய்தி, யாருக்கு அறை வேண்டும், இதெல்லாம் வரும். அதில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் நல்ல மனிதர். மலர் என் தங்கை என்று அவருக்குத் தெரியாது. "நம் ஊரில் என்ன நடக்கிறது பாருங்கள்" என்று எழுதியிருந்தார்.

பாட்டு போட்டு வெட்டி ஒட்டியிருந்தார்கள். பாலா ஆட்கள் அதை ஸ்டேட்டஸ் வைத்தார்கள் என்று அப்புறம் தெரிந்தது. நான்கு புடவை ஒரு சதுரம் மாதிரி தெரிந்தது. நடுவில் மலர். வெளியே ஒரு வழுக்கைத் தலை, கையில் துணியோடு பின்னால் நடந்து வந்தது. என் உச்சி வழுக்கையை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். அப்புறம் மலர் நிமிர்ந்தாள். ட்ரோனை நேராகப் பார்த்தாள். எவனோ அந்த இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கி, இதயம் உடைகிற படம் ஒன்றை ஒட்டியிருந்தான்.

கண்ணில் பயம் இல்லை. அண்ணன் பார்க்கிறான் என்ற பார்வை அது.

மலர் ஸ்டேஷனுக்குப் போனாள். தனியாகத்தான் போனாள். எஸ்.ஐ. சொன்னாராம்.

"ரகு மெமரி கார்ட எங்களாண்ட குடுத்துட்டாரும்மா. வெளிய எப்டி போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது."

"அவர் போன்ல இருந்துதான் சார் போயிருக்கு. ஊரே சொல்லுது."

"ஊரு ஆயிரம் சொல்லும். ஆத்தங்கர பொது எடம். பொது எடத்துல எடுத்தா தப்பு இல்ல."

"பொது எடந்தான் சார். அதனாலதான பொடவ புடிச்சோம்."

அவர் எழுத்தரைப் பார்த்து, "அந்தம்மாகிட்ட மனு வாங்கிக்க" என்றாராம். எழுத்தர் மனு வாங்க வேண்டுமானால் ஆதாரம் வேண்டும் என்றார். அந்த வீடியோவை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்து வா என்றார்.

வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். பென் டிரைவ் வாங்கினாள். கடைப் பையன் போனைச் சொருகினான். ஏறுகிறதா என்று பார்க்க வீடியோவைத் தட்டினான். பெரிய திரை. பின்னால் சாதிச் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் நின்றவர்கள் வரிசையாகப் பார்த்தார்கள். அதில் ஒருத்தன், "ஏய், இது இந்த அக்காதான்டா" என்றான்.

போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மனு கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் வீடியோ கால் எடுப்பதில்லை. நான் போட்டால் வெட்டிவிட்டு, சாதாரணமாகக் கூப்பிடுவாள். குளிக்கிற இடத்துக்கு மேலே தகரம் போட்டாள். முற்றத்தில் துணி காயப்போடுகிற இடத்துக்குப் பச்சை வலை கட்டினாள். கரும்பு வெட்டப் போனால் முக்காடு. வண்டு பறந்தாலும் குனிந்துகொள்கிறாள் என்று குமரன் சொன்னான். ஒரு வருடமாக என் தங்கை முகத்தை நான் பார்க்கவில்லை. வேண்டும் என்றால் அந்த வீடியோவில் பார்க்கலாம். உலகத்தில் எவனும் பார்க்கலாம்.

7

அந்தத் தாளைப் பிரவீன் லிஃப்டில் இருந்து போட்டோ எடுத்து வந்திருந்தான். கோபத்தில் இருந்தான். போன மாதம் எங்கள் கீழ்த்தளத்தில் இரண்டு காரைக் கொளுத்தினார்கள். கஞ்சா விற்கிற பையன்களுக்கும் போலீசுக்கும் சண்டை. கண்ணீர்ப் புகை எங்கள் சமையலறைக்குள் வந்தது. பிரவீனுடைய கூட்டாளி ஒருத்தன், எதிலும் இல்லாத பையன், ரப்பர் குண்டு பட்டு ஒரு கண் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் இந்த ட்ரோன்.

"ஜன்னல் உள்ள எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு பப்பா. எத்தன நாளு பறக்கும்னு முன்னாடியே எழுதணும். என் படம் இருந்தா நான் எழுதிக் கேக்கலாம்."

"கேட்டா குடுத்துடுவானா?"

யோசித்தான். "பதில் வரும்னு சட்டத்துல இருக்கு."

"வருமா?"

"தெரியாது."

அப்போது அவனுக்கு அந்த வீடியோவைக் காட்டினேன். ஒரு வருடமாகக் காட்டவில்லை. பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை. அத்தையை எதற்கு நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள், வளையலை எதற்கு உடைக்கிறார்கள் என்று கேட்டான். சொன்னேன். எனக்கு வந்த பிரெஞ்சிலும் அவனுக்கு வந்த தமிழிலும் அது அரை மணி நேரம் பிடித்தது.

கடைசியில் அவன் கேட்டான். "படம் புடிச்சது தப்பு. அது ஓகே. ஆனா அவங்க தாலிய அறுக்கறது சரியா? அதுக்கு ஏன் உனக்குக் கோவம் வரல?"

நான் எழுந்தேன். தட்டை எடுத்துக் கழுவினேன். வீட்டில் எனக்கு அந்த வேலை கிடையாது, மனைவிதான் செய்வாள். அன்று நான் கழுவினேன்.

இதை மலரிடம் போனில் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"நல்லாத்தான் கேக்கறான் புள்ள. அத நாங்க பேசிக்கறோம். மேலருந்து எவனும் பாத்துக் கேக்க வேணாம்."

8

ஊரில் அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது.

பாலாவைக் குமரன் வெட்டிக் கொன்றான். ஒதியம்பட்டுக்குப் போகிற வழியில், பட்டப்பகலில். அந்தப் பாட்டு போட்ட வீடியோவைக் குமரன் போனில் வைத்திருந்தான். வெட்டுவதற்கு முன்னால் பாலாவிடம் அதைக் காட்டினான் என்று சொல்கிறார்கள். "நிமிந்து பாருடா, மேல பாரு" என்று சொல்லிச் சொல்லி வெட்டினானாம். உண்மையா பொய்யா எனக்குத் தெரியாது. குமரனைத் தெரியும். சொல்லக் கூடியவன்.

வெட்டிவிட்டுக் கரும்புக்குள் ஓடி ஒளிந்தான். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு. நடந்து தேடினால் இரண்டு நாள் ஆகும். ட்ரோன் மேலே போனது. கரும்பு மடங்கிக் கிடந்த தடத்தை வைத்துப் பிடித்துவிட்டார்கள். இந்த முறை ட்ரோன் சரியாகத்தான் வேலை செய்தது. அதையும் எழுத வேண்டும். அது இல்லையென்றால் பாலா ஆட்கள் முதலில் போயிருப்பார்கள். கரும்பைக் கொளுத்தியிருப்பார்கள். குமரன் உயிரோடு இருப்பது அதனால்தான்.

உயிரோடுதான் இருக்கிறான். வலது கையும் இடது காலும் மாவுக்கட்டு. ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த பாத்ரூமில் வழுக்கி விழாதவன் நம் பக்கத்தில் யார்?

பாலாவுக்குப் பெண்டாட்டி ஒருத்தி. ரம்யா. சின்னப் பெண். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட இல்லை.

9

போன ஞாயிறு மலர் கூப்பிட்டாள். சேகர் தலை திவசத்துக்கு வர முடியாது என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"நேத்து பாலா கருமாதி. நான் போனேன்" என்றாள்.

"எங்க?"

"ஆத்துக்குத்தான். அவங்க ஊரு துறைக்கு."

"உன்ன வெட்டிருப்பானுங்கடி."

"ஒருத்தன் வந்தான் கத்தியோட. 'இன்னா தைரியம் இருந்தா இங்க வருவ'ன்னான். நானும் அறுத்தவதான், வழி வுடுன்னேன். இன்னா பண்ணுவான்? அறுத்தவள அந்த எடத்துக்குப் போவாதன்னு எவன் சொல்ல முடியும்? வுட்டுட்டான்."

"அப்புறம்?"

"கீழ எறங்குனேன். பாலா அம்மா பாத்தா. ஒரு அறை வுட்டா. வாங்கிக்கினேன். 'உன் கொழுந்தன் கொன்ன வூட்டுக்கு இன்னாடி வேல'ன்னா. நான் ஒண்ணும் சொல்லல. மேல கைய காட்டுனேன்."

"மேல?"

"வந்துடுச்சுல்ல. அதே சத்தம். கரைல போலீசு வண்டி. இப்ப ரகு இல்ல, வேற எவனோ. அந்தப் பொண்ணு நடுவுல குந்திகினு இருக்குது. நாலு பக்கம் பொடவ புடிச்சிருக்காங்க. மேல தொறந்து கெடக்குது. அது நிமிரப் போச்சு. நான் கத்துனேன். 'ஏய், நிமிராதடி! தலையக் கவுத்துக்கோ!'"

அவள் மூச்சு வாங்கினாள்.

"பையில ஒரு பொடவ எடுத்தாந்திருந்தேன். பிரிச்சேன். 'மேல புடிங்கடி'ன்னேன். ஒருத்தியும் அசையல. நான் ஒரு முனையப் புடிச்சிகினு நின்னேன். ஒரு முனைய வெச்சிகினு இன்னா பண்றது, தொங்குது. அப்புறம் அந்தக் கெழவியே வந்தா. அறைஞ்சா பாரு, அவதான். அந்தப் பக்கம் முனைய புடிச்சா. அப்புறம் எல்லாரும் புடிச்சாங்க. உள்ள இருட்டாப் போச்சு. அந்த இருட்டுலதான் எல்லாம் முடிச்சோம்."

"மேல நின்னுச்சா?"

"நின்னுச்சு நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. எறங்கிக்கூட வந்துது. பொடவ காத்துல படபடன்னு ஆடுச்சு. நாங்க வுடல."

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "எந்தப் பொடவடி எடுத்துனு போன?"

"இருக்கறது ஒண்ணுதான, மேல விரிக்கற மாதிரி. நீ போட்ட கோடி."

"அது சேறு போச்சா?"

"சேறு போச்சு. பூட்ஸ் கறை போவல. எத்தினி தடவ தொவைச்சாலும் போவல." அப்புறம் சொன்னாள். "இருக்கட்டும்ணா. மேலருந்து அவனுங்களுக்கு அந்தக் கறையாச்சும் தெரிஞ்சிருக்கும்."